மாடு மிஞ்சிவிட்டது, ஏர் மிஞ்சுமா?

பந்தயம் காளைகளைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. அந்தக் காளைகளை வேலை வாங்கத் தெரிந்த கைகளை யார் காப்பாற்றுவது? பாஞ்சாலங்குறிச்சிக் கரிசலை முன்வைத்து ஒரு சிறப்புக் கட்டுரை.

சித்திரை பிறந்து பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி ஆலய விழா நெருங்கினால், ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் மாட்டுவண்டிப் பந்தயப் பேச்சும் சூடு பிடித்துவிடும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று வகை பிரித்து நோட்டீஸ் அடிப்பார்கள். கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் பந்தய நோட்டீஸில் தூரம் மைல் கணக்கில்தான் இருக்கும். போக இத்தனை மைல், வர இத்தனை மைல். வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் கயிறு பிடிக்கிற சாரதி. இன்னொருவர் கூடவே ஓடுவதும் தொற்றி ஏறுவதும் மறுபடி குதித்து ஓடுவதுமாக மாட்டை முடுக்குகிற துணைச் சாரதி. எல்கையில் நிற்கும் கொடியை முதலில் வாங்கித் திரும்புகிறவருக்குத் தனிப் பரிசு. சாலையின் இருபுறமும் ஜனம். வண்டிகளுக்குப் பின்னால் இளவட்டங்களின் பைக் பட்டாளம்.

இந்தக் கூட்டத்தைப் பார்க்கிற யாருக்கும் மாடு அழிந்து வருகிறது என்ற கவலை வராது. பந்தய மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் உளுந்தும் பேரீச்சம்பழமும் தீனி. நடைப் பயிற்சி உண்டு, நீச்சல் பயிற்சி உண்டு. மாட்டின் பெயரையும் ஊரையும் சொன்னால் எந்தப் பந்தயத்தில் எந்த இடம் என்று பிள்ளைகள் ஒப்பிக்கும். எல்லாம் சரி. அந்தக் காளைகளில் எத்தனை ஏர் கண்டிருக்கும்? எத்தனை காளைக்குச் சால் பிடித்து நடக்கத் தெரியும்? பந்தய மாட்டை யாரும் உழவுக்குப் பூட்டுவதில்லை. உழவு மாடு என்று தனியாக ஒரு ஜோடி வைத்திருக்கிற சம்சாரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

காளை இருக்கிறது, கௌரவமாகவே இருக்கிறது. காளையோடு சேர்ந்து வேலை செய்கிற வித்தைதான் நம் கண் முன்னால் கழன்று போகிறது. மாட்டைக் காப்பாற்றுவதும் அந்த வித்தையைக் காப்பாற்றுவதும் வேறு வேறு வேலைகள்.

கரிசல் உழவு எனும் கைவேலை

பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றிக் கிடப்பது மானாவாரிக் கரிசல். ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், புதூர், கோவில்பட்டி என்று நீளும் இந்த மண்ணில் உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி, மிளகாய், மல்லி எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் விளைகின்றன. இந்த ஊரின் சரித்திரத்திலேயே ஏர் வருகிறது. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். அவருக்குப் பின் அவர் தம்பி ஊமைத்துரை எழுப்பிய கோட்டை 1801-இல் விழுந்தது. கும்பினியார் அந்தக் கோட்டையைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இப்போது நாம் போய்ப் பார்ப்பது 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டை.

கரிசல் லேசில் வசப்படுகிற மண் இல்லை. மழை விழுந்த கையோடு ஏரை இறக்கினால் கொழுவில் களி போல அப்பிக்கொள்ளும். இரண்டு வெயில் கூடுதலாகக் காய விட்டால் பாளம் பாளமாகப் பெயரும். நடுவில் இருக்கிற பதம் சில நாள்தான். அந்தப் பதத்தைக் காலால் மிதித்துப் பார்த்தும், மண்ணைக் கையில் பிடித்து உதிர்த்துப் பார்த்தும் கண்டுபிடிப்பார்கள். மேழியை அழுத்தினால் ஆழம், தளர்த்தினால் மேலாக ஓடும். விதைப்புக்கு ஓர் ஆழம், களைக்கு ஓர் ஆழம். பயிர் முழங்கால் உயரம் வந்தபின் நடுவில் ஊடுழவு போடும்போது மாடு பயிரைக் கடிக்காமல் இருக்க வாய்க்கூடு மாட்டிவிடுவார்கள். செடியை மிதிக்காமல் வரிசைக்குள் கால் வைத்து நடக்க மாட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வரப்பு வந்ததும் நின்று, சொன்ன பக்கம் திரும்பி, அடுத்த சாலில் தானே கால் வைக்கிற மாட்டுக்குத்தான் சந்தையில் மதிப்பு.

மாடு இதையெல்லாம் பிறவியிலேயே கற்றுக்கொண்டு வருவதில்லை. இளங்காளையைப் பழக்கும்போது முதலில் வெறும் நுகத்தடியைக் கழுத்தில் வைத்து நடக்க விடுவார்கள். அப்புறம் ஒரு மரக்கட்டையைக் கட்டி இழுக்க விடுவார்கள். சுமை பின்னால் வருகிற சத்தத்துக்கும் இழுவைக்கும் மிரளாமல் இருப்பதுதான் முதல் பாடம். அடுத்து, பழகிய கிழட்டு மாட்டோடு புது மாட்டைப் பூட்டுவார்கள். வாத்தியார் மாடு நிற்கும்போது இதுவும் நிற்கும், திரும்பும்போது இதுவும் திரும்பும். எது வலத்து மாடு, எது இடத்து மாடு என்பது அப்போதே முடிவாகிவிடும். பக்கம் மாற்றிப் பூட்டினால் மாடும் தடுமாறும், ஆளும் தடுமாறுவார்.

மாட்டை வாங்குவதே தனிப் படிப்பு. பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்ல வேண்டும். சுழி பார்க்க வேண்டும். குளம்பு, திமில், நடை, கண் எல்லாம் பார்த்தபின் தரகர் துண்டுக்குள் கைவிட்டு விரலால் விலை பேசுவார். வாங்கி வந்த மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர் வேண்டும். குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு லாடம். மாட்டைக் கயிறு போட்டு வலிக்காமல் சாய்த்து, ஆணி சதைக்குள் இறங்காமல் அடிப்பது எல்லாருக்கும் வராது. வண்டிக்குத் தச்சர் வேண்டும். குடத்தில் ஆரக்காலை இறக்கி, வட்டையைச் சேர்த்து, இரும்புப் பட்டாவை வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சிச் சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றினால், பட்டா சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். கரிசல் பருத்தி ஒரு காலத்தில் இப்படிப்பட்ட வண்டிகளில்தான் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு ஜோடி உழவு மாட்டுக்குப் பின்னால் இத்தனை பேர் இருந்தார்கள். சம்சாரி, பண்ணையாள், தரகர், லாடக்காரர், தச்சர், கொல்லர், கயிறு திரிக்கிறவர். ஏர் நின்றால் இத்தனை பேரின் கைப்பழக்கமும் சேர்ந்து நிற்கும்.

பிறக்காத காளைக்கன்று

ஏர் ஏன் நின்றது என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மானாவாரியில் உழவு வேலை வருடத்தில் சில வாரம். தீனியோ வருடம் முழுக்க. சோளம் குறையக் குறையச் சோளத்தட்டையும் குறைந்தது. மேய்ச்சல் தரிசில் சீமைக்கருவேலம் ஏறிக்கொண்டது. டிராக்டர்காரரைக் கூப்பிட்டால் ஒரு முழுநாள் உழவு ஓரிரு மணி நேரத்தில் முடிகிறது. மாடு கட்டிய வீட்டில் ஒருவர் எங்கேயும் ராத்தங்கல் போக முடியாது. படித்து வெளியூர் போன பிள்ளைகளிடம் மாட்டுக்காக ஊரில் இரு என்று எந்தத் தகப்பன் சொல்வார்?

கணக்கும் அதையே சொல்கிறது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் இருந்த ஆண் மாட்டினம் சுமார் 6.79 கோடி. 2019-இல் அது 4.74 கோடி. ஏழே வருடத்தில் சுமார் 30 சதவீதம் குறைந்துவிட்டது. அதே ஏழு வருடத்தில் பசுக்கள் 12.3 கோடியிலிருந்து 14.5 கோடியாகக் கூடியிருக்கின்றன. மாடு குறையவில்லை, காளைதான் குறைந்தது. குதிரைகளின் கதை இன்னும் மோசம். மட்டக்குதிரைகளையும் சேர்த்தே 2019-இல் நாடு முழுவதும் 3.4 லட்சம்தான் மிச்சம். அதுவும் ஏழு வருடத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்த கணக்கு.

இனி வரும் காலத்தில் காளைக்கன்று பிறப்பதே தற்செயலாகிவிடும். பாலினம் பிரித்த விந்து ஊசி வந்துவிட்டது. பத்தில் ஒன்பது கன்று கிடேரியாகவே பிறக்கும். பால் மாடு வைத்திருக்கிறவருக்கு அது நல்ல செய்திதான். உழவுக்கு வேலையில்லாத காளைக்கன்றை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இந்தச் சரிவுக்கு நடுவில் பந்தயம் ஒரு தடுப்பு போட்டது உண்மை. அதற்கும் வழக்கு வந்தது. ஜல்லிக்கட்டு வழக்கு என்று நாடு முழுக்கப் பேசப்பட்ட அந்த நீண்ட வழக்கின் தொடக்கமே ஒரு ரேக்ளா, அதாவது மாட்டுவண்டிப் பந்தயம்தான். ராமநாதபுரம் மாவட்டத்தில் ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டுப் போன மனுவில்தான் 2006 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடை சொன்னது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றத் தடை. 2017 ஜனவரியில் மெரினா முதல் ஊர்ச் சாவடி வரை போராட்டம், அதையொட்டிச் சட்டத்திருத்தம். 2023 மே 18-இல் தமிழகம், கர்நாடகம், மகாராஷ்டிரம் மூன்றின் சட்டங்களும் செல்லும் என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மாட்டுக்காக ஒரு தலைமுறை தெருவில் உட்கார்ந்து ஜெயித்தது. அந்த வெற்றியைச் சின்னதாக்கிப் பேச முடியாது.

அந்த வெற்றியின் எல்லையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பந்தயம் மாட்டிடம் கேட்பது வேகத்தை மட்டும். மெதுவாக நட, நில், ஒரு சாண் தள்ளி வை, பாரம் சரியும்போது பொறு என்று சொன்னபடி கேட்கிற பழக்கத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. உழவின் உயிரே அதில்தான் இருக்கிறது.

காயலில் மாண்ட குதிரைகள்

விலங்கு இருந்தும் வித்தை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து கடற்கரைக்கு இறங்கித் தெற்கே போனால் தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பழையகாயல் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் அது உலகம் அறிந்த துறைமுகம். ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து நின்றன என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஆண்டுக்கு 1,400 குதிரைகள் இறக்கித் தருவதாகக் கிஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீனோடு ஒப்பந்தம் இருந்ததாகவும், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை என்றும், கடலில் செத்துப் போன குதிரைக்கும் பாண்டியன் கஜானா பணம் கொடுத்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் குறித்து வைத்திருக்கிறார்.

இவ்வளவு பொன் கொட்டி வாங்கிய குதிரைகள் என்ன ஆயின? வருடம் திரும்புவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போயின என்கிறார் போலோ. அவர் சொல்கிற காரணம்தான் முக்கியம். குதிரைக்கு வைத்தியம் பார்க்கவும் அதைப் பேணவும் தெரிந்த ஆட்கள் இங்கே இல்லை. சோற்றோடு கறியை வேகவைத்துக் குதிரைக்குப் போட்டார்கள். தின்னக் கொடுத்ததில் நெய்யும் பாலும் இருந்ததாக வஸ்ஸாப் தன் பங்குக்குச் சொல்கிறார். குதிரை விற்ற வணிகர்கள் அதை வளர்க்கத் தெரிந்தவர்களைக் கப்பலில் கூட்டி வரவே இல்லை, பிறர் வருவதற்கும் விடவில்லை. குதிரை சாகச் சாகத்தானே அடுத்த வருடமும் வியாபாரம் நடக்கும்?

வெளிநாட்டான் எழுதியதில் மிகை கலந்திருக்கலாம். ஆனாலும் வணிகர்களின் கணக்கு நமக்குப் புரிகிறது. அவர்கள் விலங்கை விற்றார்கள், வித்தையைக் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். பாண்டியன் 220 தினார் கொடுத்து வாங்கியது பாதிக் குதிரை. குதிரையை அறிந்த மனிதன்தான் மீதிப் பாதி.

டாப்சிலிப் யானைக்குக் கிடைத்த புது வேலை

காயலுக்கு நேர்மாறான உதாரணமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. பொள்ளாச்சிக்கு மேலே ஆனைமலைக் காட்டில் 19-ஆம் நூற்றாண்டில் வெட்டிய தேக்கு மரங்கள் பம்பாய்க் கப்பல் கட்டும் தளம் வரை போயின. மலைமேலிருந்து மரத்தைச் சரிவில் உருட்டிவிட்ட இடம்தான் இன்றைய டாப்சிலிப். காட்டுக்குள்ளிருந்து அந்தச் சரிவு வரை மரத்தை இழுத்து வந்தவை யானைகள். கண்மூடித்தனமான வெட்டுக்குப் பிறகு தேக்குக் காட்டை மறுபடி வளர்த்தெடுத்த வன அதிகாரி ஹியூகோ உட்டின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

மரம் இழுக்கிற யானையின் வேலை வெறும் பலத்தால் நடப்பதில்லை. சரிவில் மரம் முன்னால் ஓடி வந்து காலில் இடிக்காமல், பாறையில் மாட்டாமல், பாகனின் கால் விரல் காதுக்குப் பின்னால் சொல்கிற சைகைக்குக் கட்டுப்பட்டு இழுக்க வேண்டும். கோழிகமுத்தி முகாமில் மலசர்களும் முதுமலை தெப்பக்காட்டில் குறும்பர்களும் இருளர்களும் தலைமுறையாக இந்த வித்தையைச் சுமந்து வந்தார்கள்.

பிறகு காடுகளில் மரம் வெட்டுவது நின்றது. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு நாடு முழுவதும் மர வேலைக்குக் கடிவாளம் போட்டது. நியாயமாகப் பார்த்தால் யானைப் பாகனின் வித்தையும் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஊருக்குள் இறங்குகிற காட்டு யானையை விரட்டவும் பிடிக்கவும் லாரியில் ஏற்றவும் கும்கிகள் எனும் பழக்கிய யானைகள் தேவைப்பட்டன. கலீம் என்ற கும்கி 99 பணிகளில் பங்கெடுத்து, 60 வயதில், 2023 மார்ச்சில் வனத்துறையின் அணிவகுப்பு மரியாதையோடு ஓய்வு பெற்றது. மரம் இழுத்த முகாம்களின் வித்தை கும்கி வேலையில் பிழைத்துக்கொண்டது. யானையைச் சும்மா நிறுத்தித் தீனி போட்டிருந்தால் யானை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

குதிரையும் எந்திரமும் பங்கு போட்ட காடு

ஐரோப்பாவில் இன்னும் குதிரை பூட்டி மரம் இழுக்கிறார்கள் என்றால் நம் ஊரில் நம்பமாட்டார்கள். பணக்கார நாடுகள், எந்திரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சுவீடனில், ஜெர்மனியில், பெல்ஜியத்தில், பிரிட்டனில் இந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்டென் இனக் குதிரையும் வட சுவீடன் குதிரையும் இதற்குப் பேர் போனவை.

காரணம் ஏக்கம் மட்டும் இல்லை. பல டன் எடையுள்ள எந்திரம் காட்டுக்குள் இறங்கினால் ஈர மண் இறுகிப்போகும், நிற்கிற மரங்களின் வேர் நசுங்கும், வண்டி போக அகலப் பாதை வெட்ட வேண்டும். குதிரைக்கு ஓர் ஆள் நடக்கிற சந்து போதும். நெருக்கமான காட்டில் மரத்தைக் கலைத்து விடுகிற இடம், ஓடைக்கரை, சதுப்பு, ஜனங்கள் நடமாடுகிற பூங்கா போன்ற இடங்களில் குதிரைக்கு வேலை கிடைக்கிறது. வெட்டிய இடத்திலிருந்து பாதை வரைக்கும் குதிரை இழுக்கும், அங்கிருந்து எந்திரம் ஏற்றிக்கொண்டு போகும். அவர்கள் குதிரையை எந்திரத்தோடு மோத விடவில்லை, இரண்டுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். அவர்கள் நடத்துகிற மரம் இழுக்கும் போட்டிகளிலும் வேகம் மட்டும் எடுபடாது. நட்டு வைத்த குச்சிகளுக்கு நடுவில் எதையும் இடிக்காமல் மரத்தை வளைத்து இழுத்து, சொன்ன இடத்தில் நிறுத்துகிறவருக்கே மதிப்பு.

பெல்ஜியத்தின் ஓஸ்ட்டூயின்கெர்க் கடற்கரையில் குதிரைமேல் உட்கார்ந்து கடலுக்குள் இறங்கி, வலையை இழுத்து இறால் பிடிக்கிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ அதை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே அங்கீகாரம் கிடைத்தது குதிரைக்கு மட்டுமல்ல, குதிரையும் மனிதனும் கடலும் சேர்ந்த அறிவுக்கு.

கியூபாவின் கதை இன்னும் கறாரானது. 1990-களின் தொடக்கத்தில் சோவியத் யூனியன் உடைந்ததும் டீசலும் உதிரிப் பாகமும் வருவது நின்றது. டிராக்டர்கள் வயலில் நின்றன. நாடு உழவு மாட்டுக்குத் திரும்பியது. மாடுகளைப் பழக்கினார்கள், ஏர் பிடிக்கத் தெரிந்த கிழவர்களைத் தேடிப் பிடித்து இளைஞர்களுக்குக் கற்றுத்தர வைத்தார்கள். சில வருடங்களில் உழவு மாடுகளின் எண்ணிக்கை இரு மடங்கைத் தாண்டியது. அன்றைக்கு அந்தக் கிழவர்கள் உயிரோடு இருந்தார்கள். இன்னொரு தலைமுறை தள்ளி அந்த நெருக்கடி வந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்டிருப்பார்கள்?

செக்கு திரும்பியது, மாடு திரும்பவில்லை

பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊரான ஓட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்தவர் வ.உ.சிதம்பரனார். கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவரை இழுக்க வைத்தது வெள்ளை அரசு. மாட்டின் உழைப்பு எவ்வளவு கடுமையானது என்பதை அந்தத் தண்டனையே சொல்லிவிடுகிறது. ஆகவே பழங்காலத்தைப் பற்றிச் சர்க்கரை தடவிப் பேச வேண்டாம். தார்க்குச்சி குத்திய புண்ணும், அதிகப் பாரத்தால் காய்த்துப்போன கழுத்தும், உழைத்து ஓய்ந்தபின் அடிமாட்டுச் சந்தையும் அந்தக் காலத்திலும் இருந்தன. ஏர் பிடித்தவர்களில் பலருக்கு உழுத நிலம் சொந்தமில்லை. விடியுமுன் மாடு பூட்டிய பண்ணையாளுக்கு டிராக்டர் வந்தது ஒரு விடுதலையாகவும் இருந்தது. டிராக்டரை ஒழித்துவிட்டு எல்லாரும் ஏர் பிடிக்க வேண்டும் என்று சொல்கிறவர் ஒரு நாளாவது கரிசலில் மேழி பிடித்துப் பார்க்கட்டும்.

இப்போது மரச்செக்கு மறுபடி ஊரெங்கும் வந்திருக்கிறது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் கூடுதல் விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது. பெரும்பாலும் அந்தச் செக்கைச் சுற்றுவது மோட்டார். போர்டில் மாட்டுப் படம் இருக்கும், கடைக்குள் மாடு இருக்காது. உழவிலும் இதே நடக்கக்கூடும். நாட்டுமாடு என்ற பேருக்கு மவுசு கூடியிருக்கிறது. காங்கேயம், புலிக்குளம், உம்பளாச்சேரி, பர்கூர் இனங்களைக் காக்க அரசு நிலையங்களும் தனியார் முயற்சிகளும் உள்ளன. இனம் பிழைக்கும். பதம் பார்த்துப் பூட்டி, சால் பிசகாமல் உழுகிற ஆள் இல்லாவிட்டால் அந்த இனத்தின் பலத்துக்கு அர்த்தம் என்ன? கரிசல் மக்களின் சொற்களைக் கி.ராஜநாராயணன் அகராதியாகவே தொகுத்து வைத்துவிட்டுப் போனார். சொல் பத்திரமாக இருக்கிறது. அகராதியைப் பார்த்து மாடு பூட்ட முடியாது.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டமோ கோடிகளோ தேவையில்லை. ஏற்கெனவே இருப்பதோடு கொஞ்சம் சேர்த்தால் போதும்.

முதலில் வாடகை. வேளாண் பொறியியல் துறை டிராக்டரையும் மற்ற எந்திரங்களையும் விவசாயிகளுக்கு மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. செல்போனிலேயே பதிந்துகொள்ளலாம். அதே பட்டியலில் வட்டாரத்துக்குச் சில உழவு மாட்டு ஜோடிகளையும் ஏர்க்காரரையும் சேர்க்கட்டும். சிறு நிலத்தில் டிராக்டர் திரும்ப இடமில்லாதவர், பயிர் நடுவில் ஊடுழவு தேவைப்படுகிறவர், இயற்கை விவசாயம் செய்கிறவர் கூப்பிடுவார்கள். மாட்டுக்கு வருடத்தில் வேலை நாள் கூடினால்தான் தீனிச் செலவு தாங்கும்.

இரண்டாவது, இழுவை வேலை. கரிசலில் தேக்குக் காடு இல்லை. இழுப்பதற்கு மரம் என்றால் சீமைக்கருவேலம்தான். கண்மாய்களிலும் ஓடைகளிலும் அதை வெட்டும்போது பெரிய எந்திரத்தை இறக்கிக் கரையையும் மடையையும் சேதப்படுத்துவதற்குப் பதில், வெட்டிய மரத்தைக் கரை வரை இழுத்துப் போட மாடுகளைப் பயன்படுத்தலாம். விளாத்திகுளம் பக்கத்துக் கரிமூட்டங்களுக்கு விறகு கொண்டுபோகும் குறுந்தூர வேலைக்கும் டயர் வண்டி போதும். சுவீடன்காரர் காட்டில் செய்த பங்கீட்டை நாம் கண்மாயில் செய்து பார்க்கலாம்.

மூன்றாவது, படிப்பு. தூத்துக்குடி மாவட்டத்திலேயே கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி இருக்கிறது. கோவில்பட்டியில் மானாவாரி விவசாயத்துக்கென்றே நூறு ஆண்டு கடந்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏர் பிடிக்கத் தெரிந்த பெரியவர்களைச் சம்பளம் கொடுத்து வாத்தியாராக உட்கார வைத்து, மாடு பழக்குவதையும் லாடம் அடிப்பதையும் சக்கரத்துக்குப் பட்டா போடுவதையும் மாணவர்கள் கையால் செய்து பழகட்டும். வீடியோ எடுத்து வைப்பதும் நல்லதுதான், ஆனால் கைப்பழக்கத்துக்கு அது ஈடாகாது.

நான்காவது யோசனை பந்தயக் கமிட்டிகளுக்கு. ஜனத்தைக் கூட்டும் பலமும் பரிசுப் பணம் திரட்டும் பலமும் உங்களிடம் இருக்கிறது. அடுத்த சித்திரையில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று அடிக்கிற நோட்டீஸில் உழவு மாடு என்று ஒரு வரி சேருங்கள். ஆளுக்கு ஒரே அளவு நிலம், ஒரே நேரம். யாருடைய சால் நேராக ஓடுகிறது, யாருடைய மாடு குரலுக்கு நிற்கிறது, யார் மாட்டின்மேல் குச்சியை வைக்காமல் முடிக்கிறார் என்று பார்த்துப் பரிசு கொடுங்கள். சித்திரையில் மண் காய்ந்து கிடந்தால் பாரம் ஏற்றிய வண்டியைக் கம்புகளுக்கு நடுவே பின்னால் தள்ளி நிறுத்துகிற போட்டி வையுங்கள். ஓடுகிற காளைக்குத் தருகிற தொகையில் பாதியாவது நிதானமாக நடக்கிற காளைக்கும் கிடைக்கட்டும். ஏர் பிடிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். அவர்களில் பெரும்பாலோருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.